ஏழை வீட்டின் கரிமக் கணக்கு

குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்குடன், 2030-ஆம் ஆண்டுக்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் வீடுகள் கட்டப்படும் என்று தமிழக அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. 'கலைஞரின் கனவு இல்லம்' என்னும் அத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம்; பரப்பு 360 சதுர அடி; அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. ஓலைக் கூரையின் கீழ் ஒவ்வோர் ஐப்பசியையும் அஞ்சிக் கழித்தவர்களுக்கு இது எத்தகைய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், அக்கூரையையும் சுவரையும் எப்பொருளால் எழுப்புகிறோம் என்ற கேள்வியை நாம் இன்னும் முறையாகக் கேட்கவில்லை.

ஒரு டன் சிமென்ட் தயாரிப்பில் ஏறத்தாழ 600 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சூளையில் எரியும் நிலக்கரி மட்டுமே இதற்குக் காரணம் அன்று. சுண்ணாம்புக்கல் வெந்து கிளிங்கராக மாறும் வேதிவினையே பாதிக்கும் மேற்பட்ட வாயுவை வெளியேற்றுகிறது. எனவே, எரிபொருளை மாற்றுவதால் மட்டும் இது தீராது. ஒரு வீட்டுக்கு 100 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். 5 டன் சிமென்ட், 3 டன் வாயு. 8 லட்சம் வீடுகளுக்கு 24 லட்சம் டன். கம்பியும் செங்கல்லும் இக்கணக்கில் சேரவில்லை.

மாளிகை கட்டுவோரை விட்டுவிட்டு ஏழையின் வீட்டிலா கரிமக் கணக்குப் பார்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கட்டி முடித்ததோடு ஒரு வீட்டின் கணக்கு முடிவதில்லை. தட்டோடும் வெள்ளைப் பூச்சும் இல்லாத வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் அதை வீட்டுக்குள் இறக்குகிறது. அடுத்த 50 ஆண்டுகளுக்கு அந்த வெப்பத்தை மின்விசிறியாலும், வசதி வந்தால் குளிர்சாதனத்தாலும் விரட்டப்போவது அக்குடும்பமே. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், கட்டுமானத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய், ஆயுள் முழுதும் மின்கட்டணமாகவும் புகையாகவும் திரும்புகிறது. தரமும் இதில் அடங்கும். 20 ஆண்டுகளில் இடித்துக் கட்ட நேரும் வீடு, உமிழ்வை இரட்டிப்பாக்குகிறது. சென்னை புளியந்தோப்பில் 2021-இல் புதிய அடுக்ககத்தின் பூச்சு உதிர்ந்ததைக் கண்டோம். அதைத் தரக் குறைவாக மட்டுமே பேசினோம்.

மாற்றுகள் நம்மிடமே உள்ளன. 6 விழுக்காடு சிமென்ட் கலந்து அழுத்திய மண்கட்டிக்கு, சுட்ட செங்கல்லுக்கு ஆகும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே போதும் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2003-லேயே கணக்கிட்டனர். கான்கிரீட்டுக்கு வேலையில்லாத அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்துத் தளம் வார்க்கும் முறையை லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கினார். கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்க்கும் எல்சி3 வகைச் சிமென்ட், உமிழ்வை 40 விழுக்காடு வரை குறைக்க வல்லது. சென்னை, தில்லி, மும்பை ஐஐடிகள் பங்கேற்று உருவாக்கிய அதற்கு 2023-இல் இந்தியத் தர நிர்ணயமும் கிடைத்துவிட்டது.

பின் ஏன் இவை பயனாளியின் வாசலுக்கு வரவில்லை? விலை கரிமத்தைப் பேசுவதில்லை என்பதே பொருளியல் மாணவனாக நான் காணும் விடை. 2025 செப்டம்பரில் சிமென்ட்டின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது, வரவேற்கத்தக்கது. ஆனால், கிளிங்கர் மிகுந்த சிமென்ட்டுக்கும் குறைந்த சிமென்ட்டுக்கும் ஒரே வரிதான். கொத்தனாருக்குப் பழகிய முறை வசதி. பொறியாளருக்கு விலைப்பட்டியலில் உள்ள பொருள் பாதுகாப்பு. மண்கட்டி என்றால் மீண்டும் குடிசையா என்று பயனாளியும் ஐயுறுகிறார். அந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மழையில் கரைந்த சுவரைக் கண்டவர் அவர்.

ஆகவே, சோதனையின் சுமையை அவர் தலையில் ஏற்றாமல், புதிய பொருள்களை அரசு முதலில் தன் பள்ளி, அங்கன்வாடிக் கட்டடங்களில் பயன்படுத்திக் காட்டட்டும். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் அவை இடம்பெறட்டும். கொத்தனார்களுக்குக் கூலியுடன் பயிற்சி தரலாம். கூரையின் தட்டோட்டுக்கும் வெள்ளைப் பூச்சுக்குமான செலவை ரூ.3.5 லட்சத்துக்கு மேல் தனியே வழங்க வேண்டும். இருக்கும் தொகைக்குள் அதை அடக்கினால், பயனாளி கடன் வாங்குவார் அல்லது கூரையை வெறுமனே விட்டுவிடுவார்.