தோத்த டீமுக்கு மார்க் போடலாமா?



ஜெயிச்சா "நாம ஜெயிச்சோம்" என்போம். தோத்தா "அவனுங்க தோத்துட்டானுங்க" என்போம். எந்தக் கல்லூரியானாலும், எந்த நாடானாலும் இந்த இலக்கணம் மட்டும் மாறுவதே இல்லை. தோற்று வந்த டீமுக்கு ஆளாளுக்கு மார்க் போடுகிறோமே, அது சரியா? போடத்தான் வேண்டும் என்றால் எப்படிப் போடுவது? இதைப் பற்றித்தான் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த மார்க் போடும் வேலையை ஒரு சடங்காகவே வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கல்லூரி ஃபுட்பால் என்றால் திருவிழா மாதிரி. நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். சனிக்கிழமை மேட்ச் முடிந்தால் பத்திரிகைகளில் 'ரிப்போர்ட் கார்டு' வந்துவிடும். பந்து எறிபவருக்கு இத்தனை, ஓடுபவர்களுக்கு இத்தனை, தடுப்பு வரிசைக்கு இத்தனை, கோச்சுக்கு இத்தனை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுவது போல கிரேடு போட்டுத் தள்ளிவிடுவார்கள்.

அப்படி மார்க் வாங்கிய தோல்விகளில் பெரிய தோல்வி ஒன்று உண்டு. 2007 செப்டம்பர் 1. ஆன் ஆர்பர் நகரம், மிச்சிகன் பல்கலைக்கழக மைதானம். பார்க்க வந்த கூட்டம் மட்டும் 1,09,218 பேர். மிச்சிகன் அன்றைக்கு நாட்டின் தரவரிசையில் 5-ஆம் இடம். எதிரே ஆடியது வட கரோலினா மலைப்பகுதியில் பூன் என்ற சின்ன ஊரிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட். அது ஒரு படி கீழே உள்ள பிரிவைச் சேர்ந்த டீம். அன்றைய விதிப்படி மேல் பிரிவு டீம் 85 பேருக்கு விளையாட்டு உதவித்தொகை கொடுக்கலாம். கீழ்ப் பிரிவுக்கு அப்போது அனுமதி 63 தான். சீசன் தொடக்கத்தில் ஒரு சுலபமான மேட்ச் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடிவு: அப்பலாச்சியன் 34, மிச்சிகன் 32!

தரவரிசையில் இருந்த மேல் பிரிவு டீமைக் கீழ்ப் பிரிவு டீம் வீழ்த்தியது அதுவே முதல் தடவை. அடுத்த பட்டியலில் மிச்சிகன் 5-ஆம் இடத்திலிருந்து முதல் 25-க்கு வெளியே போய் விழுந்தது.

சரி, நாமும் ரிப்போர்ட் கார்டு எழுதிப் பார்ப்போம். நம்ம பாணியில் ஆறு பாடம், ஒவ்வொன்றும் நூற்றுக்கு. மார்க் எல்லாம் என் சொந்தப் பேனாவில் போட்டவை. ஒத்துக்கொள்ளாதவர்கள் ரீவேல்யுவேஷனுக்கு அப்ளை பண்ணலாம்!

முதல் பாடம், ஓட்டம். மைக் ஹார்ட் என்ற இறுதியாண்டு மாணவர் அன்றைக்கு 23 முறை பந்தோடு ஓடி 188 கெஜம் கடந்தார். டச் டவுன் மூன்று. நடுவில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்து, திரும்ப வந்து, கடைசிக் கட்டத்தில் 54 கெஜம் ஒரே ஓட்டமாக ஓடி டீமை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர். இதற்கு 90.

இரண்டாவது, எறிதல். சாட் ஹென்னி 37 தடவை எறிந்ததில் 19 தான் சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தது. ஆனால் கடைசி விநாடிகளில் 46 கெஜத்துக்கு ஒரு அருமையான எறிதல். 55 கொடுக்கலாம்.

மூன்றாவது, தடுப்பு. முதல் பாதியில் மட்டும் 28 புள்ளி விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாம் பாதியில் 6 தான். முதல் பாதிக்கு 10, இரண்டாம் பாதிக்கு 50. சராசரி 30.

நான்காவது, உதைக்கும் பிரிவு. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு ஃபீல்டு கோல் முயற்சி, இரண்டையும் எதிரணி கையை நீட்டித் தடுத்துவிட்டது. ஒரு தடவை பட்ட பிறகாவது ஓட்டையை அடைத்திருக்க வேண்டாமா? 20.

ஐந்தாவது, முடிவெடுத்தல். டச் டவுன் அடித்தால் 6 புள்ளி. அதற்கு மேல் உதைத்து 1 எடுக்கலாம், அல்லது ரிஸ்க் எடுத்து 2-க்குப் போகலாம். மிச்சிகன் இரண்டு தடவை 2-க்குப் போனது. இரண்டும் பலிக்கவில்லை. "ஒழுங்கா ஒவ்வொண்ணா உதைச்சிருந்தா 34-க்கு 34 ஆயிருக்குமே!" என்று கேட்பது ரொம்ப சுலபம். ஆனால் இரண்டாவது தடவையை யோசித்துப் பாருங்கள். அப்போது ஸ்கோர் 32-31. ஒன்று எடுத்தால் இரண்டு புள்ளி முன்னிலை, எதிரணி 3 புள்ளிக்கு ஒரு ஃபீல்டு கோல் அடித்தால் தோல்விதான். இரண்டு எடுத்திருந்தால் மூன்று புள்ளி முன்னிலை, அதே ஃபீல்டு கோலுக்கு மேட்ச் சமன்தான் ஆகும். ஆக, எடுத்த முடிவு சரி, பலன்தான் வரவில்லை. முதல் தடவை மட்டும் அவசரம் என்று வாதாடலாம். அதனால் 60.

ஆறாவது, தயாரிப்பு. அப்பலாச்சியன் முகம் தெரியாத டீம் இல்லை. 2005-லும் 2006-லும் தன் பிரிவில் சாம்பியன். அதன் இரண்டாமாண்டு மாணவர் அர்மான்டி எட்வர்ட்ஸ் எறியவும் செய்வார், ஓடவும் செய்வார் என்பது ரகசியமும் இல்லை. தெரிந்த கேள்வியே பேப்பரில் வந்தும் பதில் எழுதத் தெரியவில்லை என்றால் என்ன மார்க்? 15.

இப்போது கூட்டிப் பாருங்கள். மொத்தம் 270. ஆறால் வகுத்தால் சராசரி 45. அடடே, நம்ம கணக்குப்படி பாஸ்! ஆனால் பாடம் பாடமாகப் பார்த்தால் மூன்று அரியர். சராசரி என்பது எப்படிப்பட்ட ஏமாற்றுக்காரன் என்பது டிப்ளமோ படிக்கிற நமக்குத் தெரியாததா?

நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் இருக்கிறது. தடுப்பு, உதைக்கும் பிரிவு, தயாரிப்பு... இந்த மூன்று அரியரில் ஒன்றுகூடத் தனி ஒரு மாணவனுடைய அரியர் இல்லை. கூட்டாகச் செய்ய வேண்டியதும், சொல்லிக் கொடுக்க வேண்டியதும்தான் கோட்டை விடப்பட்டிருக்கிறது.

ஆனால் ஜனங்கள் யாரைப் பிடிப்பார்கள்? கடைசியாக உதைத்தவனைத்தான்! 6 விநாடி பாக்கி, 37 கெஜ தூரம். உதைத்தான். கோரி லிஞ்ச் என்ற எதிரணி வீரர் உள்ளே புகுந்து பந்தைத் தடுத்துவிட்டார். முன்னால் நின்று காக்க வேண்டிய வரிசை வழிவிட்டால் உதைப்பவன் என்ன செய்வான்? அந்த மாணவன் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அவன் வாங்கித் தர வேண்டிய 3 புள்ளியைப் பற்றிப் பேசுகிற நாம், முதல் பாதியில் டீமே விட்ட 28 புள்ளியைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

நம்ம ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். ஃபிட்டிங் செக்‌ஷனில் ஆணும் பெண்ணும் பொருந்தவில்லை என்றால், கடைசியாக அரம் பிடித்தவன்தான் குற்றவாளி என்று நல்ல இன்ஸ்ட்ரக்டர் சொல்ல மாட்டார். மார்க்கிங் சரியா, ஹாக்சா வெட்டு நேரா, மூலைமட்டம் வைத்துப் பார்த்தானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தப்பு பெரும்பாலும் மார்க்கிங்கிலேயே நடந்திருக்கும். வெளியே தெரிவதுதான் கடைசியில்.

"அப்படின்னா மார்க்கே போட வேணாம்கிறியா?" என்று சிலர் கேட்கலாம். அதுவும் தப்பு நண்பா! "பரவாயில்லை, நல்லா ஆடினீங்க" என்று முதுகில் தட்டி அனுப்புவது அன்பு மாதிரித் தெரியும், ஆனால் அது அலட்சியம். அடுத்த வாரமே மிச்சிகன் ஓரிகன் டீமிடம் 39-7 என்று மறுபடியும் உதை வாங்கியது. தடுப்பு அரியர் ஒரு வாரத்தில் கிளியர் ஆகவில்லை என்று அர்த்தம். மார்க் போட வேண்டும், ஆனால் திருத்துவதற்காகப் போட வேண்டும். தீர்த்துக்கட்டுவதற்காக இல்லை.

அந்தக் கதை அங்கேயே முடியவும் இல்லை. மூன்றாவது வாரம் நோட்டர்டேமை 38-0 என்று வென்றார்கள். சீசன் முடிவில் 9 வெற்றி, 4 தோல்வி. 2008 ஜனவரி 1 அன்று, அதற்கு முந்தைய சீசனின் தேசிய சாம்பியனான ஃப்ளோரிடாவை 41-35 என்று வீழ்த்தினார்கள். அதுவே கோச் லாயிட் காருக்குக் கடைசி மேட்ச், ஹார்ட்டுக்கும் ஹென்னிக்கும் கல்லூரி வாழ்வின் கடைசி மேட்ச். செப்டம்பர் 1 அன்று போட்ட மார்க்கையே இறுதி என்று எழுதியிருந்தால் எத்தனை பெரிய தப்பாகப் போயிருக்கும்!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒருவன் தோல்விக்குப் பின்பக்கம் இன்னொருவன் வெற்றி இருக்கிறது. கடைசி நேரத்தில் டைம் அவுட் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் 69 கெஜம் முன்னேறி, 26 விநாடி பாக்கி இருக்கையில் முன்னிலை எடுத்தவர்கள் அப்பலாச்சியன் மாணவர்கள். அந்த ஆண்டும் தங்கள் பிரிவில் சாம்பியன் ஆகித் தொடர்ந்து மூன்று என்று காட்டினார்கள். அந்த மேட்ச் முடிந்த சில நாளில், கீழ்ப் பிரிவு டீம்களுக்கும் தரவரிசையில் ஓட்டுப் போடலாம் என்று ஏ.பி. செய்தி நிறுவனம் விதியையே மாற்றியது. "மிச்சிகன் கோட்டை விட்டது" என்று மட்டும் எழுதினால், ஜெயித்தவன் உழைப்பைத் திருடிய பாவம் நமக்கு வரும்.

கடைசியாக நம்ம மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை நம்ம டீம் மேட்ச் ஆடித் திரும்பும்போது, நோட்டீஸ் போர்டில் ஸ்கோரை மட்டும் எழுதி, பக்கத்தில் நாலு கிண்டல் எழுத இடம் விடாதீர்கள். பாடம் பாடமாகப் பிரித்து எழுதுங்கள். எது நல்லா இருந்தது, எது அரியர், அதை யார் சேர்ந்து கிளியர் பண்ண வேண்டும் என்று எழுதுங்கள். கூடவே நமக்கும் ஒரு காலம் போட்டு வையுங்கள்: 'பிராக்டிஸ் பார்க்க எத்தனை பேர் கிரவுண்டுக்குப் போனோம்?' அந்தக் காலத்தை மட்டும் டீம் பசங்க நிரப்பட்டும்.

நாம் போடுகிற மார்க்கைப் போல, நாம் வாங்குகிற மார்க்கும் தெரிய வேண்டாமா?