மேடையை விட்டு இறங்கத்தான் வேண்டுமா?



உலக வேலையை உதறிவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தவனே மெய்யாய் மனந்திரும்பியவன் என்னும் பேச்சு நம் ஜெபக்கூட்டங்களில் வேதவசனத்துக்கு இணையாக உலவுகிறது. அதைக் கேட்டு, வங்கியில் பணிபுரியும் சகோதரனும், மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழிக்கும் சகோதரியும் தங்களை இரண்டாந்தர விசுவாசிகளாக எண்ணிக் குறுகிப்போகிறார்கள். இப்போதனை தவறு.

இங்கிலாந்தின் பாடகர் கிளிஃப் ரிச்சர்டை எண்ணிப் பாருங்கள். 1940இல் நம் லக்னோவில் பிறந்தவர். 1958இல் 'மூவ் இட்' பாடலால் பதினேழாம் வயதிலேயே அந்நாட்டு இளைஞரின் கனவு நாயகனானார். 1966இல் லண்டனில் பில்லி கிரகாமின் நற்செய்திக் கூட்டத்தில் தம் விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டார். பாட்டை விட்டுவிட்டுப் பள்ளி ஆசிரியராகிவிட அவரும் எண்ணியதுண்டு. ஆயினும் மேடையிலேயே நிலைத்தார்.

விளைவு என்ன? ஏழைகளுக்கு உதவும் 'டியர்ஃபண்ட்' என்னும் கிறிஸ்தவ அமைப்புக்காகப் பாடி நிதி திரட்டினார். 1999இல் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை, புத்தாண்டில் பாடப்படும் பழைய ஸ்காட்லாந்து மெட்டில் பாடினார். அவருடைய நெடுநாள் இசை நிறுவனமான ஈ.எம்.ஐ. அதை வெளியிட மறுத்தது. சில வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. ஆயினும் வேறு நிறுவனத்தின் வழியாக வெளிவந்து, மூன்று வாரம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. ஆலய வாசலை மிதியாதோரின் செவியிலும் அந்த ஜெபம் விழுந்தது.

"காதல் பாட்டும் பாடினாரே!" என்பீர்கள். பவுல் கூடாரம் தைத்தார்; அதில் வசனத்தை எழுதித்தான் விற்றாரோ? "லேவி ஆயத்துறையை விட்டு எழுந்து வந்தாரே!" என்பீர்கள். ஆம், ஆண்டவர் அவரை அப்படி அழைத்தார். ஆனால் லூக்கா 3ஆம் அதிகாரத்தில் ஆயக்காரரும் போர்ச்சேவகரும், தாங்கள் செய்யவேண்டியது என்னவென்று யோவான் ஸ்நானனிடம் கேட்டபோது, வேலையை விடும்படி அவர் சொல்லவில்லை. அதிகமாய் வசூலியாதிருக்கவும், மிரட்டிப் பறியாதிருக்கவும், சம்பளத்தில் திருப்தியாயிருக்கவுமே கட்டளையிட்டார். பாவமான தொழிலை விட்டுவிடத்தான் வேண்டும். நேர்மையான தொழிலையோ நேர்மையாய்ச் செய்யவேண்டும்.

ஆகவே, புதிதாய் விசுவாசத்துக்குள் வந்த வாலிபனிடம், "வேலையை எப்போது விடப்போகிறாய்?" என்று இனிக் கேளாதிருங்கள். "லஞ்சமும் பொய்யுமின்றி அந்த வேலையைச் செய்கிறாயா?" என்று கேளுங்கள். அதுவே கடினமான கேள்வி. நம் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வியும் அதுவே.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.