கெடு எழுதாத மருந்துச் சீட்டு

தூக்கம் வரவில்லை என்று சீட்டோடு வருபவருக்கும், வலிப்புக்காக வருடக்கணக்கில் வாங்குபவருக்கும் மெடிக்கல் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது சில நேரம் ஒரே அட்டைதான்: குளோனசெபாம். அட்டையின் மூலையில் ‘என்ஆர்எக்ஸ்’ என்று சிவப்பில் அச்சிட்டிருக்கும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்து, சீட்டில்லாமல் தரக்கூடாது என்று அர்த்தம். சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நம் கவலை தீர்ந்துவிடுகிறது. எத்தனை நாளைக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா?

அமெரிக்காவில் இந்த மருந்து 1975-இல் அனுமதி பெற்றது வலிப்புக்காக. திடீர் பீதியால் அவதிப்படுபவர்களுக்கான அனுமதி 1997-இல்தான் வந்தது. மூளையில் நரம்பணுக்களின் துடிப்பை அடக்கிவைக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலைக்கு குளோனசெபாம் வலு சேர்க்கிறது. வலிப்பு, பதற்றம் இரண்டும் ஒரே மாத்திரைக்கு அடங்குவது அதனால்தான். நாளாக ஆக மூளை அந்தத் துணைக்குப் பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், பழைய பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும். வாழ்நாளில் வலிப்பே வராதவருக்கும் வலிப்பு வரலாம்.

இது புதுச் செய்தி அல்ல. பதற்றத்துக்கு இவ்வகை மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரம் வரைதான் தரலாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே சொல்லிவிட்டது. இவற்றை விட முடியாமல் தவித்தவர்களுக்காக நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை தனி கிளினிக் நடத்தினார் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். மாதக்கணக்கில், துளித்துளியாகக் குறைப்பது அவர் வழி. அவர் கணக்குப்படி அரை மில்லிகிராம் குளோனசெபாம், இதே வகை மருந்தான டயசெபாம் பத்து மில்லிகிராமுக்குச் சமம். ‘அரைதானே’ என்று அலட்சியமாக விழுங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு.

நம் ஊரில் சிக்கல் இன்னொரு வழியிலும் வருகிறது. மனச்சோர்வு, பதற்றத்துக்கான எஸ்சிட்டலோபிராமையும் குளோனசெபாமையும் ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். முன்னது பலன் தர சில வாரம் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கப் பின்னது உதவும். யோசனை நியாயமானதே. ஆனால் ஒரு மாதம் கழித்து முன்னது தொடர வேண்டும், பின்னது படிப்படியாகக் குறைய வேண்டும். இரண்டையும் ஒன்றாக அழுத்திச் செய்த மாத்திரையில் ஒன்றை மட்டும் எப்படிக் குறைப்பது? பாதியாக உடைத்தால் இரண்டும் பாதியாகும். அதனால் அதே சீட்டு, அதே மாத்திரை, வருடக்கணக்கில் ஓடுகிறது. வயதானவர் என்றால் தள்ளாட்டம், மறதி, இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவு. மறதியை வயதின் மேல் போட்டுவிடுகிறோம்.

இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதுவதும், குளோனசெபாமுக்கு நேரே எத்தனை வாரம், எப்படிக் குறைப்பது என்று குறிப்பதும் மருத்துவருக்கு ஒரு நிமிட வேலை.

வலிப்பு நோயாளியின் கதை நேரெதிர். அவர் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. திடீரென நின்றால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விற்பனையில் கெடுபிடி கூடினால் முதலில் அடிபடுபவரும் அவர்தான்: பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து, கசங்கிய சீட்டோடு கடை கடையாக ஏறி இறங்குபவர். ‘வலிப்புக்கு, நிறுத்தாமல் தொடர வேண்டும்’ என்று அதிலேயே மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் கடைக்காரரின் தயக்கம் பாதி குறையும்.