செம்மண்ணும் கஞ்சமலையும்

உரும்பிராய், கோண்டாவில் பகுதித் தோட்டங்களில் இறைப்புக்கு நின்றவரின் வேட்டியை எத்துணை முறை வெளுத்தாலும் சிவப்பு முற்றாக நீங்குவதில்லை. அச்சிவப்பு இரும்புத் துருவின் நிறமே. அங்ஙனமாயின் இம்மண்ணை உருக்கி இரும்பு எடுத்தலாகாதோ என்று மாணவர் வினவுவர். ஆகாது. நிறம் ஊட்டுதற்குச் சிறிதளவு துருவே போதும். தாது எனத்தக்க அளவு இரும்பு நம் குடாநாட்டுப் பாறையில் இல்லை. அப்பாறை மிக இளையது.

தாதைக் காண விரும்புவோர் தமிழகத்தில் சேலத்தை அடுத்த கஞ்சமலைக்குச் செல்லவேண்டும். அங்கே கரிய காந்தக்கல்லும் வெளிறிய படிகக்கல்லும் சேலைக்கரை போலப் பட்டை பட்டையாய் மாறி மாறிக் கிடக்கின்றன. 1830களில் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயர் நடத்திய இரும்பாலைக்குத் தாது சென்றது சேலத்திலிருந்தே.

அம்மலைக் கல், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்த வண்டல். அக்காலக் காற்றில் நாம் உயிர்க்கும் ஒட்சிசன் இல்லை என்றே கூறலாம். ஒட்சிசன் அற்ற நீரில் இரும்பு உப்பைப்போலக் கரைந்து நிற்கும். ஆழ்கடல் வெந்நீரூற்றுக்கள் கக்கிய இரும்பும் அவ்வாறே கரைந்திருந்தது. நீலப்பச்சைப் பாசி என முன்னாளில் அழைக்கப்பெற்ற நுண்ணுயிர்கள், வெயிலைக்கொண்டு உணவாக்கி, ஒட்சிசனை வெளியிட்டன. இரும்பு அதனைப் பற்றித் துருவாகி அடியில் வீழ்ந்தது. நம் கிணற்று வாளியைத் தின்னும் அதே துருதான்! அதனுடன் மணலுக்கு மூலமாகிய சிலிக்காவும் படை படையாய்ப் படிந்தது. பின்னர் நிலத்தடி வெப்பமும் அழுத்தமும் துருவைக் காந்தக்கல்லாகவும் சிலிக்காவைப் படிகக்கல்லாகவும் மாற்றின.

பிறந்த ஒட்சிசனை நெடுங்காலம் இரும்பு முதலிய பொருள்களே விழுங்கிவிட்டன. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான் அது காற்றில் நிலைக்கத் தொடங்கியது. நம் மூச்சுக்குரிய வாயு, இரும்பு விட்டுவைத்த மிச்சம் எனலாம்.

கீரிமலைக் கரையிற் காணும் நம் சுண்ணாம்புக்கல்லோ, கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டானது. அக்கடலில் ஒட்சிசன் நிறைந்திருந்தது. கரைந்த இரும்பு மிக அரிது. கஞ்சமலையை ஆக்கியது போன்ற கடல் அன்று உலகில் இல்லை. ஆதலால், நம் முன்னோரின் கலப்பைக் கொழுவுக்கு வேண்டிய இரும்பு வன்னி வழியாகவோ மரக்கலத்திலோதான் வந்திருத்தல் வேண்டும்.