அளவுகோல் மலையேறட்டும்

'கதிர்' என்னும் ஒரே சொல்லைத் தமிழ் ஒளிக்கும், தானியத்துக்கும், நூற்கும் கருவியின் சுழல்தண்டுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. ஜவ்வாது மலையில் இம்மூன்றும் உண்டு. புதூர்நாட்டுப் பக்கம் சாமைக் கதிர். அதே மலைத்தொடரில் காவலூரில் விண்மீன்களின் கதிர். மூன்றாவது, பட்டறை இயந்திரத்தின் உள்ளே சுழலும் தண்டு. 'ஸ்பிண்டில்' என்றால் எவருக்கும் விளங்கும். முதலிரண்டைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. மூன்றாவதைப் பற்றிச் சிறிது பேசலாம்.

பழைய கருவிகளைப் புதுப்பிக்கும் ஆர்வம் இப்போது பெருகியிருக்கிறது. துருவை நீக்கி, வண்ணம் பூசி, பித்தளைப் பெயர்ப்பலகையை மினுக்கி, கூடத்தில் வைத்து அழகு பார்க்கிறோம். காட்சிப் பொருளுக்கு அது போதும். அக்கருவி மீண்டும் உழைக்க வேண்டுமெனில் வண்ணம் கடைசி வேலை. கதிர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன் உ.வே.சாமிநாதையர் ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிய உழைப்பைத்தான் நாம் போற்றுகிறோம், அந்நூலின் அட்டையையன்று. இயந்திரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

கதிர் வளைந்திருந்தால் என்ன ஆகும்? துளையிடும் இயந்திரமாயின் துளை அகன்றுபோகும். மெல்லிய டிரில் பிட் முறியும். சாணை இயந்திரமாயின் கல் அதிரும். அது உயிருக்கே ஆபத்து. சாமையின் உமி நீக்கும் இயந்திரமாயின் பேரிங் சூடேறித் தேயும், ஒருநாள் நின்றுவிடும். சமவெளியில் இயந்திரம் நின்றால் அடுத்த தெருவில் பழுது பார்ப்பவர் இருப்பார். மலையூரில் அதைக் கழற்றி, வண்டி பிடித்து, திருப்பத்தூருக்கு இறக்கிக் கொண்டுபோக வேண்டும். அதுவரையில் உலக்கையை மீண்டும் கையிலெடுப்பவர்கள் பெண்கள். புதுவண்ணம் பூசிய பழைய இயந்திரத்தை நம்பி வாங்கியதற்கான விலையை இறுதியில் அவர்களுடைய தோள்களே கொடுக்கின்றன.

இத்தனைக்கும் சோதனை எளியது. கதிரைக் கழற்றும்போது சுத்தியலால் நேரே அடிக்கலாகாது. நேராக இருந்த கதிரும் அந்த அடியில் வளையக்கூடும். மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ இடையில் வைத்துத் தட்ட வேண்டும். பிறகு துடைத்து, பேரிங் அமரும் இரு பகுதிகளையும் இரண்டு வி-பிளாக்குகளின் மேல் வைத்து, நடுவில் டயல் கேஜின் முனையைத் தொடவிட்டு, கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். முள் காட்டும் மிகுதிக்கும் குறைவுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதிதான் உண்மையான வளைவு. 0.10 மி.மீ. காட்டினால் வளைவு 0.05 மி.மீ. ஒரு சுற்றில் முள் ஒருமுறை ஏறி இறங்கினால் பெரும்பாலும் வளைவு. இருமுறை ஏறி இறங்கினால் தண்டு முட்டை வடிவில் தேய்ந்திருக்கலாம். லேத்தின் இரு முனைகளுக்கிடையே பிடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. முனைக்குழிகள் சிதைந்திருந்தால் அந்தச் சோதனை நம்மை ஏமாற்றிவிடும்.

டயல் கேஜ் இல்லையா? தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டி, அடியில் கசியும் ஒளியைக் கவனிக்கலாம். சீரான பருமனுள்ள தண்டுக்கே இது பொருந்தும். வளைவின் அளவையும் இது சொல்லாது. ஆயினும் பெரிய வளைவு மறையாது.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. இயந்திரத்தில் இதன் மறுதலையும் நடக்கும். கதிர் நேராகவே இருக்க, தேய்ந்த பேரிங்காலோ கோணலான சக்காலோ ஆட்டம் தோன்றும்; பழி கதிரின்மேல் விழும். அளந்து பார்க்காமல் தூக்கியெறிவதும், அளந்து பார்க்காமல் வண்ணம் பூசுவதும் ஒரே வகை அலட்சியமே.

அளவின் மதிப்பை இந்த மலைக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காவலூரில் 1968இல், கொடைக்கானலில் உருவான 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அதற்கும் பங்குண்டு. 1986இல் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி சேர்ந்தது. அதன் துருவ அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக, ஏறத்தாழ 12.5 பாகை சாய்ந்து நிற்கிறது. அந்த அச்சு சற்றே பிறழ்ந்தாலும் நெடுநேரம் பதிவு செய்யும் விண்மீன் புள்ளியாக விழாது, கோடாக இழுபடும். அங்கே கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு மங்கினால், மீண்டும் பூசுவதற்கான கூடம் மலையிலேயே இருக்கிறது. கருவியை மலையிறக்குவதைவிடப் பராமரிப்பை மலையேற்றுவதே அறிவு என்று முன்னோடிகள் உணர்ந்திருந்தார்கள்.

அந்த அறிவு மலையூர்ப் பட்டறைக்கும் ஏன் எட்டக்கூடாது? ஒரு சிறு சமதளப் பலகை, இரண்டு வி-பிளாக், தாங்கியுடன் ஒரு டயல் கேஜ். எல்லாம் ஒரு பைக்குள் அடங்கும், பேருந்தில் கொண்டுபோகலாம். இவற்றைப் பொதுவில் வைத்து, ஊர் இளைஞர் இருவருக்குக் கற்றுத் தந்தால் போதும். 'வளைவை நிமிர்த்த நிபுணர் வேண்டாமா?' என்று கேட்பார்கள். வேண்டும். கடினமேற்றிய எஃகு அழுத்தத்தில் வெடிக்கும். சாதாரண எஃகும் நிமிர்த்திய பின் சற்றே திரும்பும். அது பழகிய கையின் வேலை. ஆனால் நிமிர்த்த வேண்டுமா, மாற்ற வேண்டுமா, வாங்காமலே விட்டுவிடலாமா என்று முடிவு செய்யும் அறிவு, இயந்திரத்துக்குப் பணம் கொடுப்பவர் கையிலும் இருக்க வேண்டும்.

பழமையைப் போற்றுவோர் நாம். அடுத்த முறை ஒரு பழைய இயந்திரத்தின் பளபளப்பைப் பாராட்டுமுன், அதன் கதிரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம்.