இடுப்பு வலிக்கு யார் பொறுப்பு?

ஐப்பசி மழைக்குப் பின் காரியாபட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள். பருத்தியானாலும் உளுந்தானாலும் களையெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். களைக்கொத்தியின் பிடி ஒரு முழங்கூட இராது. ஆகவே நாள் முழுதும் குனிந்தே வேலை.

குனியும்போது நிகழ்வதென்ன? 50 கிலோ எடையுள்ளவரின் இடுப்புக்கு மேற்பட்ட உடல் ஏறத்தாழ 30 கிலோ. குனிந்ததும் அந்த எடை இடுப்பு முள்ளெலும்புக்குச் சுமார் 25 செ.மீ. முன்னே தொங்குகிறது. அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ 5 செ.மீ. பின்னேதான் உள்ளது. நெம்புகோல் பாடத்தை நினைவுகூர்ந்து கணக்கிடுங்கள்: 30 × 25 = 150 × 5. தசை 150 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கவேண்டும்! இந்த நெருக்குதல் முழுவதையும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டுகள் தாங்குகின்றன. நன்றாக மடிந்து குனிந்தாலோ தசை ஓய்ந்துவிடும். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் சுமையேற்று மெல்ல மெல்ல நீளும்.

"வயதானால் வலிக்கத்தான் செய்யும்" என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். வயதைவிடப் பிடியின்மேல்தான் குற்றம். கலிபோர்னியாவில் குட்டைப்பிடிக் கொத்தியால் உழைத்தவர்களின் முதுகும் இப்படித்தான் கெட்டது. நீண்ட பிடியால் பயிர் கெடுமென்று பண்ணை முதலாளிகள் வாதாடினர். எனினும் 1975-இல் அது தடைசெய்யப்பட்டது.

நின்றபடியே தள்ளி இழுக்கும் களைக்கருவியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. வரிசையாக விதைத்த காட்டில்தான் அது ஓடும் என்பது உண்மை. செடியை ஒட்டிய களைக்குக் குனியத்தான் வேண்டும். இடைவெளிக் களைக்கு ஏன் குனியவேண்டும்? அதன் விலை கூலிக்கு வருபவர் தலையில் விழலாகாது. நிலத்துக்காரரே வாங்கி வைக்கட்டும்.