நினைவு போனா புத்தியும் போச்சா?

தமிழ் சினிமாவுல தலையில ஒரு அடி விழுந்தா போதும், ஹீரோவுக்குப் பேரு, ஊரு எல்லாம் மறந்துடும். இன்னொரு அடி விழுந்தா திரும்பி வந்துடும். சரி, அது அவங்க பொழப்பு. படிச்ச நம்ம ஆளுங்களும் நிஜத்துல இதையே நம்புறதுதான் எரிச்சலா இருக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்குத் திடீரென்று நினைவு தப்பியது. மறுநாள் காலையில் பழையபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்குள் சொந்தக்காரர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்: "புத்தி பேதலிச்சிடுச்சு, பேங்க் பாஸ்புக்கை இனிமே அவர்கிட்ட கொடுக்காதீங்க."

அவருக்கு வந்ததன் பேர் 'டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா'. 1964ல் ஃபிஷர், ஆடம்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் விரிவாக எழுதியது. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வரும். 24 மணி நேரத்துக்குள் போய்விடும். அதுவரை நடப்பது எதுவும் மனசில் பதியாது. "நாம ஏன் இங்க இருக்கோம்?" என்பார். பதில் சொன்னால் தலையாட்டுவார். இரண்டு நிமிஷத்தில் அதையே கேட்பார்.

ஆனா தன் பேரு தெரியும். பெண்டாட்டி, பிள்ளைங்களை அடையாளம் தெரியும். பேச்சு குழறாது. சின்னக் கணக்கு கேட்டா போடுவார். நம்ம பாஷையில சொன்னா, ப்ராசசர் ஓடுது. சேவ் மட்டும் ஆகலை. அந்தத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியே யோசனை வேலை செய்வதற்கு அத்தாட்சி இல்லையா? ஏதோ சரியில்லைன்னு புரிஞ்சதாலதானே கேட்கிறார்!

நம்பிக்கை வரலையா? அமெரிக்காவின் ஹென்றி மொலைசனைப் பாருங்க. 1953ல் ஆபரேஷனில் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி போனது. 2008ல் சாகும்வரை புது நினைவு எதுவும் சரியாகத் தங்கவில்லை. ஆனால் அறிவுத்திறன் குறையவில்லை. கண்ணாடியில் பார்த்துப் படம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தின நாள் வரைந்தது நினைவே இல்லாமல்!

அந்த நேரத்தில் பெரியவரிடம் கார் சாவியைக் கொடுங்கன்னு நான் சொல்லலை. தனியா விடவும் கூடாது. ஸ்ட்ரோக், வலிப்பு இல்லைன்னு உறுதி பண்ண உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அங்க போற வரைக்கும் நூறு தடவை கேட்டாலும் நூறு தடவை பொறுமையா பதில் சொல்லணும். அவ்வளவுதான்.

ஒரு நாள் நினைவு தப்பினதுக்காக ஒரு மனுஷனின் மீதி ஆயுசு முழுக்கக் கையெழுத்துப் போடும் உரிமையைப் பிடுங்குறீங்களே, பேதலிச்சது யாரோட புத்தி?